பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதி பெறுவது எப்படி? கனடாவிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் சான்றிதழ் வகுப்பின் இரண்டாம் நாள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சரிவில் நிற்பது எப்படி என்று ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளாக நடித்தவர்கள் என்னோடு படிக்க வந்த பெரியவர்கள். காலில் மாட்டும் நீண்ட சறுக்குப் பலகைகளான ஸ்கீயின் முனைகளைச் சேர்ப்பது, வால்களை விரிப்பது, உள்விளிம்பு பனியைக் கடிப்பது, உடல் எடை எங்கே இருக்க வேண்டும் என்பது என்று வரிசையாக விளக்கிக்கொண்டு போனேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் எங்களை மதிப்பிட வந்த தேர்வாளர் பொத்தென்று பனியில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியை அள்ளித் தின்னத் தொடங்கினார். "எனக்கு மூத்திரம் வருகிறது" என்றார். அறுபதை நெருங்கிய மனிதர். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முடிந்ததும் அவர் எழுந்து பனியைத் தட்டிவிட்டு, "உன் வகுப்பில் இதுவரை ஒருவரும் ஓர் அங்குலம்கூடச் சறுக்கவில்லை, கவனித்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். சான்றிதழுக்கு ஆயத்தமாகிறவர்கள் தங்கள் ஓட்டத்தை, அதாவது தாங்கள் சறுக்கும் விதத்தை, மெருகேற்றுவதிலேயே முழுப் பருவத்தையும் செலவழிக்கிறார்கள். வேலையில் சேர்ந்தபின்தான், நாளில் பெரும்பகுதி கையுறை மாட்டுவதிலும் மூக்குத் துடைப்பதிலும் போகிறது என்பது தெரிகிறது. ஒன்ராறியோவில் இருக்கும் தமிழ் இளைஞர்களையும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். ரொறன்ரோ மாநகராட்சியே ஏர்ல் பேல்ஸ் பூங்காவிலும் சென்டெனியல் பூங்காவிலும் சிறிய சறுக்கு மையங்களை நடத்துகிறது. ஆகவே இது மலைநாட்டுப் பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

முதல் படி: எந்தக் கதவு என்று முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு பனி விளையாட்டுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறது. ஸ்கீக்கு 1938இல் தொடங்கிய கனடிய ஸ்கீ பயிற்றுநர் கூட்டமைப்பு, எல்லோரும் சி.எஸ்.ஐ.ஏ. என்றே சொல்வார்கள். இரு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு, கனடிய ஸ்னோபோர்டு பயிற்றுநர் சங்கமான சி.ஏ.எஸ்.ஐ. இரண்டிலும் நான்கு நிலைகள். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க முதல் நிலை போதும். பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பயிற்சியாளர் பாதை இவற்றிலிருந்து வேறுபட்டது; அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

சமவெளியில் நடக்கும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீக்கு நோர்டிக் கனடா என்ற தேசிய அமைப்பு இருக்கிறது. அதன் கீழ் உள்ளூர்க் கழகங்கள் நடத்தும் பிள்ளைகள் திட்டத்தின் பெயர் ஜாக்ராபிட். நோர்வேயில் 1875இல் பிறந்து கனடாவில் வாழ்ந்து 1987இல், 111 வயதில் காலமான ஹெர்மன் ஸ்மித்-யோஹான்சன் என்பவரின் பட்டப்பெயர் அது. அந்தக் கழகங்களில் கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்களாக வரும் பெற்றோர்தான். தேசியப் பயிற்சியாளர் சான்றிதழ்த் திட்டத்தின் தொடக்கப் பட்டறையை முடித்துவிட்டுக் களத்தில் இறங்குவார்கள். நாற்பது வயதுக்கு மேல் இந்தத் துறைக்குள் வர நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் வழி இதுதான். முழங்காலுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

இனி நான் எழுதுவது ஸ்கீயை வைத்து. ஸ்னோபோர்டுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இரண்டாம் படி: உங்கள் ஓட்டத்தை மெதுவாக்குங்கள்

முதல் நிலைக்கு வருகிறவர் நீலச் சதுரம் போட்ட பாதையில், அதாவது நடுத்தரச் சரிவில், இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துக் கட்டுப்பாட்டோடு திரும்பி இறங்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கறுப்பு வைரப் பாதையில், அதாவது கடினமான சரிவில், பாய வேண்டிய அவசியம் இல்லை. வேகமாக ஓட்டத் தெரிந்த இளைஞர்கள் தடுமாறும் இடம் வேறு. நடந்துபோகும் வேகத்தில், ஆப்பு வடிவில் ஸ்கீயை வைத்து, ஒவ்வொரு திருப்பத்தையும் அழகாகச் செய்துகாட்டச் சொன்னால் கால் நடுங்குகிறது. வேகம் பல தவறுகளை மூடிமறைக்கும். மெதுவாகப் போகும்போது அத்தனையும் வெளியே வந்துவிடும். பிள்ளைகள் நீங்கள் சொல்வதைச் செய்வதில்லை, நீங்கள் செய்வதைத்தான் செய்வார்கள். நீங்கள் பின்னால் சாய்ந்து இறங்கினால் உங்கள் பின்னால் வரும் ஆறு பேரும் பின்னால் சாய்ந்துதான் இறங்குவார்கள்.

ஆகவே டிசம்பரில் பனி விழுந்ததும் பத்து மணி நேரமாவது பச்சை வட்டப் பாதையில், அதாவது மிக எளிதான சரிவில், செலவிடுங்கள். பின்னோக்கிச் சறுக்கவும் பழகுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்குவதற்கு அது வேண்டும்.

மூன்றாம் படி: பணம் கட்டுமுன் ஒரு வார இறுதி நிழலாக நில்லுங்கள்

வகுப்புக்குக் கட்டணம், உறுப்பினர் கட்டணம், சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கு அன்றைய டிக்கெட் என்று செலவு ஏறும். அதற்குமுன் அருகிலிருக்கும் சறுக்குப் பள்ளிக்குப் போய், ஒரு பிள்ளைகள் வகுப்பின் பின்னால் உதவியாளராக நிற்க அனுமதி கேளுங்கள். பல இடங்களில் மகிழ்ச்சியாகச் சேர்த்துக்கொள்வார்கள், ஏனென்றால் விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட ஒரு கை கூடுதலாகக் கிடைப்பது அவர்களுக்கு வரம். நீங்கள் பார்க்க வேண்டியது பயிற்றுநரின் திறமையை அல்ல. உங்களுக்கு இது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வயதுக்காரி ஒருத்தி நாற்பது நிமிடம் அழுதுகொண்டே இருக்கும்போது உங்கள் உள்ளே எரிச்சல் கிளம்புகிறதா, அல்லது அவள் ஏன் அழுகிறாள் என்று கண்டுபிடிக்கும் ஆவல் கிளம்புகிறதா? முதலாவது என்றால் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அதுவும் நல்ல வேலைதான்.

நான்காம் படி: காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகளோடும் பாதுகாப்புத் தேவைப்படுவோரோடும் பணிபுரிகிறவர்களுக்கென்று தனியான பொலிஸ் பின்னணிச் சோதனை இருக்கிறது. உங்கள் பகுதிப் பொலிஸ் சேவையிடம் விண்ணப்பிக்க வேண்டும். பருவம் தொடங்கும் நேரத்தில் கூட்டம் சேரும் என்பதால் ஒக்டோபரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜோன் அம்புலன்ஸோ நடத்தும் முதலுதவி வகுப்பையும் அதே மாதத்தில் முடித்துவிடுவது நல்லது.

இன்னொன்று சட்டம். ஒன்ராறியோவின் 2017ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர், குடும்பச் சேவைகள் சட்டத்தின்படி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுகிறது அல்லது கவனிப்பின்றி விடப்படுகிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், அதை உடனே சிறுவர் உதவிச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்களே தெரிவிக்க வேண்டும்; மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. பூட்ஸ் மாட்டும்போது காலையும் கையையும் நீங்கள் பார்க்கிறீர்கள். வேறு எவரும் பார்க்காததை நீங்கள் பார்த்துவிடக்கூடும்.

ஐந்தாம் படி: மூன்று நாள் வகுப்பு

சி.எஸ்.ஐ.ஏ. முதல் நிலை என்பது இணையவழிப் பாடத்தை முடித்துவிட்டுப் பனியில் செய்யும் மூன்று நாள் வகுப்பு. கடைசி நாளில் திடீரென்று ஒரு பரீட்சை வைப்பதில்லை. மூன்று நாளும் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஓட்டத்தையும் கற்பித்தலையும் தனித்தனியே மதிப்பிடுவார்கள். வகுப்பில் பதினாறு வயதுப் பள்ளி மாணவரும் ஓய்வுபெற்ற பொறியாளரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள்.

ஓட்டத்தில், கனடியப் பயிற்றுநர்கள் காலங்காலமாகப் பேசிவரும் ஐந்து விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும்: நிற்கும் நிலையும் சமநிலையும், காலைத் திருப்புவது, விளிம்பைப் பதிப்பது, அழுத்தத்தைக் கையாள்வது, இவையெல்லாம் உரிய நேரத்தில் ஒன்றுசேர்வது. உங்கள் குறை இந்த ஐந்தில் எங்கே இருக்கிறது என்று தேர்வாளர் சொல்வார். அதை வாதாடாமல் கேட்டு, அடுத்த இறக்கத்தில் மாற்ற முயல்வது கண்ணில் பட வேண்டும். முழுமையாக மாறிவிட வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

கற்பித்தலில் ஒரு சின்னச் சூத்திரம் சொல்கிறேன். உங்களுக்குத் தரப்படும் ஐந்து நிமிடத்தில் முதல் முப்பது வினாடிக்குள் எல்லோரும் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். நான் மூன்றாம் நாள் இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தபோது விளக்கம் எதுவும் சொல்லவில்லை. என் கையுறைகளை ஐந்தடி தள்ளி வீசிவிட்டு, "அதை நசுக்காமல் அதன்முன் யாரால் நிற்க முடியும்?" என்றேன். ஒருவர் தாண்டிப் போனார், ஒருவர் சரியாக நின்றார், ஒருவர் என் இடது கையுறையை நசுக்கினார். பிறகுதான் நின்றவரின் கால் எப்படி இருந்தது என்று எல்லோரும் பார்த்தோம். தேர்வாளர் அன்று பனியைத் தின்னவில்லை.

ஆறாம் படி: பிள்ளையின் உடம்பைப் படியுங்கள்

சான்றிதழ் கையில் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளைப் பற்றிய படிப்பு இனிமேல்தான். இந்த இடத்தில் அமெரிக்கர்களிடம் கடன் வாங்கலாம். 1961இல் தொடங்கிய அமெரிக்கத் தொழில்முறை ஸ்கீ பயிற்றுநர் சங்கம், பி.எஸ்.ஐ.ஏ., பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களுக்கென்றே இரண்டு படிநிலை கொண்ட சிறப்புச் சான்றிதழ் ஒன்றை நடத்துகிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதுபோலத் தனிச் சான்றிதழ் உண்டு. அமெரிக்கப் பாடத்தின் அடித்தளம் மூன்று கேள்விகள்: இந்தப் பிள்ளையின் அறிவு எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது, உணர்வு எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது, உடல் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது? மூன்றும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பேச்சில் பெரிய மனுஷியாக இருக்கும் ஏழு வயதுக்காரிக்குக் கால் தசை ஐந்து வயதுக்குரியதாக இருக்கலாம்.

உடலிலிருந்து தொடங்குவோம். சின்னப் பிள்ளையின் தலை, உடம்போடு ஒப்பிட்டால் நம்முடையதைவிடப் பெரியது. அதன்மேல் ஹெல்மெட் வேறு. ஆகவே அதன் எடை மையம் நம்மைவிட உயரத்தில் இருக்கிறது. கணுக்காலை முன்னால் மடக்கிப் பூட்ஸின் நாக்கை அழுத்து என்று பெரியவர்களுக்குச் சொல்வோம். நான்கு வயதுப் பிள்ளைக்குக் கெட்டியான பூட்ஸை வளைக்கும் பலமோ எடையோ கிடையாது. அது என்ன செய்கிறது? பூட்ஸின் பின்சுவரில் சாய்ந்து நாற்காலியில் உட்காருவதுபோல் நிற்கிறது. புதிய பயிற்றுநர்கள் இதைத் தவறு என்று திருத்தித் திருத்திக் களைத்துப்போவார்கள். அந்த உடம்புக்கு அப்போதைக்குக் கிடைக்கும் சமநிலை அதுதான். அமெரிக்கப் பாடத்தில் இதற்கென்றே ஒரு பாகுபாடு வைத்திருக்கிறார்கள்: எது லட்சிய அசைவு, எது இந்த வயதில் உண்மையாகச் சாத்தியமான அசைவு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் பிள்ளைகளின் பயிற்றுநர்.

திரும்புவதும் அப்படித்தான். நாம் இடுப்புக்குக் கீழே காலை மட்டும் திருப்புகிறோம். ஐந்து வயதுப் பிள்ளை தோள், வயிறு, கால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கட்டையைப்போலத் திருப்பும். பெரிய தசைகள் முதலில் வசப்படும், நுணுக்கமான அசைவுகள் பிறகுதான் வரும். எட்டு ஒன்பது வயதில் தானாகப் பிரிந்து வரத் தொடங்கும், அதுவரை பொறுங்கள்.

அறிவு: மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். "மெதுவாகப் போய், அந்த மரத்தருகே திரும்பி, எனக்காக நில்" என்பது மூன்று கட்டளை. அது கடைசியில் சொன்ன "நில்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, நிற்கும் இடத்திலேயே நிற்கும். இடது வலது சொல்லாதீர்கள். "மரத்தைப் பார்", "கொட்டகையைப் பார்" என்று சொல்லுங்கள். வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடவும் இந்த வயதில் தெரியாது. எதிரே வருகிறவர் மோதிவிடுவார் என்று அதற்குத் தோன்றாது, ஆகவே உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

உணர்வைப் பற்றி ஒரே ஒரு செய்தி. பெயர். ஹெல்மெட்டில் ஒட்டுநாடாவில் பெயர் எழுதி ஒட்டுவோம். நம் பிள்ளைகளின் நீண்ட பெயர்களைப் பார்த்ததும் சில பயிற்றுநர்கள் முதல் எழுத்தை மட்டும் வைத்துக் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். எந்த நாட்டுப் பெயராக இருந்தாலும் பிள்ளையிடமே கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பத்து வினாடி வேலை. மேலே லிஃப்டில் அது பயந்துபோய் இருக்கும்போது அதன் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுங்கள், வித்தியாசம் தெரியும்.

ஏழாம் படி: முதல் வகுப்பு, நிமிடம் நிமிடமாக

வகுப்பு பனியில் தொடங்குவதில்லை; உடுப்பறையில் தொடங்குகிறது. ஒரு சனிக்கிழமை, ஒரு பாட்டி பேத்திக்கு மூன்று பருத்திச் சட்டைகளைப் போட்டு, அதற்குமேல் ஸ்வெட்டரும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "தம்பி, பிள்ளைக்குக் குளிரும், இன்னும் ஒரு சட்டை போட்டுவிடட்டுமா?" என்றார். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும்; பத்து நிமிடம் நின்றால் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு நிற்பது போலத்தான். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவே மெத்தென்ற ஒன்று, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஒன்று. பாட்டியிடம் பாடம் நடத்தாமல், "அம்மா, வியர்த்தால்தான் குளிரும்" என்று சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்.

பூட்ஸில்தான் பாதி அழுகைக்குக் காரணம் இருக்கும். முழங்கால்வரை வரும் மெல்லிய காலுறை ஒன்றே ஒன்று. பூட்ஸுக்குள் காலுறையைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது; கால்சட்டை நுனி உள்ளே மடிந்து கிடந்தால் கணுக்காலை வெட்டும். பிள்ளை "வலிக்கிறது" என்று சொல்லாது, "வீட்டுக்குப் போகணும்" என்றுதான் சொல்லும். மண்டியிட்டு, விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். ஸ்கீயின் நீளம் தொடக்கத்தில் நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவே இருந்தால் போதும். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் அழுத்த எண்ணை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். அது பட்டறைத் தொழில்நுட்பரின் வேலை.

ஹெல்மெட் புருவத்துக்குமேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். கீழே கம்பளித் தொப்பி கூடாது. சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவருவார்கள், ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040 அல்லது ஈ.என். 1077 என்ற பாதுகாப்புத் தர எண்ணை உள்ளே அச்சிட்ட பனி ஹெல்மெட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். நோவா ஸ்கோஷியா மாகாணம் 2012இல் சறுக்குச் சரிவுகளில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. சட்டம் இல்லாத இடத்திலும் என் வகுப்பில் அது கட்டாயம்.

கழிப்பறை. எல்லோரும். வரவில்லை என்றாலும்.

வெளியே வந்ததும் முதல் பத்து நிமிடம் ஸ்கீ இல்லாமல், பூட்ஸோடு மட்டும். வாத்து நடை, யானை நடை, என் காலடியில் கால் வைத்துத் தொடர்ந்து வருவது. அந்தக் கனத்த பூட்ஸ் தன் உடம்பின் ஒரு பகுதி என்று பிள்ளைக்குப் பிடிபட வேண்டும். பிறகு ஒரு காலில் மட்டும் ஸ்கீ. மற்றக் காலால் உந்தி, ஸ்கூட்டர் ஓட்டுவது போல. கால் மாற்றிச் செய்யுங்கள். பிறகு இரண்டும். இதுவரை சமதரைதான். அவசரப்படும் பயிற்றுநர்கள் இந்த இருபது நிமிடத்தைத் தாண்டிப் பாய்ந்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் விழுந்த பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

முதல் சறுக்கலுக்கு இடம் தேடுவதுதான் உண்மையான திறமை. மெல்லிய சரிவு, அதன் முடிவில் லேசாக மேலே ஏறும் தரை. பிள்ளை நிற்கத் தெரியாமலே தானாக நின்றுவிடும். பயம் வருவதற்குக் காரணமே இருக்காது. நிற்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசரமும் உங்களுக்கு இருக்காது.

அடுத்துத்தான் ஆப்பு. முனைகள் சேர்ந்து வால்கள் விரிந்த வடிவம். வட அமெரிக்கா முழுவதும் பிள்ளைகளுக்கு இதை 'பீட்சா' என்றும், இணையாக வைப்பதை 'பிரெஞ்ச் ஃப்ரைஸ்' என்றும் சொல்கிறார்கள். தமிழ் தெரிந்த பிள்ளை ஒன்றிடம் ஒருமுறை "ஆப்பு மாதிரி வை" என்றேன். "ஆப்பம் மாதிரியா?" என்று கேட்டு, கால்களை வட்டமாக வைக்கப் பார்த்தது. அதன்பின் நானும் பீட்சாவுக்கே திரும்பிவிட்டேன். முனைகள் பிரிந்தோ ஒன்றின்மேல் ஒன்று ஏறியோ போனால் இரண்டையும் இணைக்கும் சிறிய ரப்பர்க் கயிற்றை மாட்டலாம். இரண்டு வகுப்புக்குமேல் அதை வைத்திருக்காதீர்கள். இடுப்பில் கட்டிப் பின்னாலிருந்து பிடிக்கும் வார் எனக்கு அறவே பிடிக்காது. பிள்ளை கயிற்றில் சாய்ந்துகொண்டு, உங்கள் கையால் நிற்கப் பழகிவிடும்.

நகரும் விரிப்பில், அதாவது மேஜிக் கார்ப்பெட்டில், ஏறி இறங்கத் தொடங்கியதும் வகுப்பு தன்பாட்டில் ஓடும். விளையாட்டு, அதிலிருந்து ஒரு பயிற்சி, அந்தப் பயிற்சியைப் புதிய இடத்தில் முயலும் ஒரு சாகசம், கடைசியில் ஒரு சுருக்கம்: அமெரிக்கப் பாடத்தின் இந்தச் சுழற்சி ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு முறை சுற்ற வேண்டும்.

முடிவில் பெற்றோரிடம் ஒப்படைக்கும்போது "நன்றாகச் செய்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இன்று ஐந்து முறை தனியாக நின்றான். அடுத்த முறை நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் இந்தச் சரிவுக்குமேல் போக வேண்டாம்." இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் மதியமே அப்பா பிள்ளையை நீலப் பாதைக்குக் கொண்டுபோய்விடுவார்.

எட்டாம் படி: சேர்லிஃப்ட்

கம்பிவடத்தில் தொங்கும் இருக்கைகளில் ஆட்களை மேலே கொண்டுபோகும் லிஃப்ட் இது. என் மனத்தில் இன்னும் பதற்றம் மிச்சமிருக்கும் இடம் இதுதான். ஒழுங்கு இப்படி. வரிசையில் நிற்கும்போதே யார் யாரோடு உட்காருவார்கள் என்று முடிவு செய்யுங்கள். மிகச் சிறிய பிள்ளையை லிஃப்ட் இயக்குநர் நிற்கும் பக்கத்து ஓரத்தில் விடுங்கள், அவர் கைகொடுத்துத் தூக்கிவிடலாம். சின்னவர்கள் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். வரிசையில் நிற்கும் அந்நியரிடம் "இந்தப் பிள்ளையோடு போக முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். மெதுவாக்கச் சொல்லி இயக்குநருக்குக் கை காட்டுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. பிள்ளை சரியாக உட்காரவில்லை என்றால் இருக்கை தரையை விட்டு எழுமுன் "நிறுத்து" என்று முழுக்குரலில் கத்த வேண்டும். ஏறும் மேடைக்குள்ளேயே பனியில் விழுவது காயமில்லாத விழுதல். உயரத்தில் பாதி தொங்குவது அப்படியல்ல. முதுகை முழுதாகச் சாய்த்து உட்கார வேண்டும், தடுப்புக் கம்பி உடனே இறங்க வேண்டும். மேலே போகும்போது பின்னால் திரும்பிப் பார்ப்பது, முன்னால் குனிவது, எச்சில் துப்பிப் பார்ப்பது எதுவும் கிடையாது.

முதல் முறை பிள்ளைகளோடு ஏறுமுன், அவர்கள் இல்லாத நேரத்தில் சக பயிற்றுநர்களோடு இதை ஒத்திகை பாருங்கள்.

ஒன்பதாம் படி: குளிர், தலைக்காயம், காணாமல் போவது

காற்றோடு சேர்த்து உணரப்படும் குளிர் -28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. கன்னத்திலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். கறுத்த தோலில் அது சாம்பல் நிறத்தில், மெழுகுபோலத் தெரியும். வெள்ளையைத் தேடிக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள். தேய்க்காதீர்கள், உள்ளே கூட்டிப்போங்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளை "ஒன்றுமில்லை" என்று சொல்லும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, கேள்விக்குத் தாமதமான பதில், காரணமில்லாத அழுகை இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய சறுக்கல் முடிந்தது. மீட்புக் குழுவை அழையுங்கள், பெற்றோரை அழையுங்கள். ஒட்டாவாவில் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயது ரக்பி வீராங்கனை 2013இல், முந்தைய அடி ஆறுமுன் மறுபடி தலையில் அடிபட்டு இறந்தார். அவர் பெயரில் 2018இல் ஒன்ராறியோ இயற்றிய சட்டம் தலைக்காயம் பற்றிய கல்வியை விளையாட்டு அமைப்புகளுக்கு வலியுறுத்துகிறது. அதற்கான விழிப்புணர்வு ஏடுகளைப் பருவத்துக்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

தொலைந்துபோவதைத் தடுக்க ஒரே வழி எண்ணுவது. லிஃப்டின் கீழே, மேலே, பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும். கனடாவின் சரிவு நடத்தை விதிகள் பத்தையும் மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு முதல் நாள் இரண்டு போதும்: முன்னால் இருப்பவருக்கே வழி, பாதை ஓரத்தில், மேலிருந்து வருகிறவர் கண்ணில் படும்படி நில்.

பயிற்றுநர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கு

ஒரு சறுக்குப் பள்ளியின் பிள்ளைகள் பிரிவைப் பொறுப்பேற்றிருந்தால் உங்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். டிசம்பரில் புதிதாகச் சேர்ந்த பதினேழு வயதுப் பயிற்றுநர்களுக்கு வகுப்பறையில் படம் காட்டுவதைப் பாதியாகக் குறையுங்கள். அட்டைகளில் குணங்களை எழுதி, மூத்தவர்களிடம் கொடுத்துப் பிள்ளைகளாக நடிக்கச் சொல்லுங்கள்: ஓடிப்போகிறவன், ஒரு வார்த்தையும் பேசாதவள், எல்லாம் தெரியும் என்கிறவன், அம்மாவைத் தேடுகிறவள். என் தேர்வாளர் பனி தின்றதுபோல நடிக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

மதிப்பிடும்போது பயிற்றுநரைப் பார்க்காதீர்கள். நிறுத்துக்கடிகாரத்தோடு தள்ளி நின்று, ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுத்து, அது எத்தனை நிமிடம் நகர்ந்தது, எத்தனை நிமிடம் நின்று காத்திருந்தது என்று எழுதுங்கள். அந்தத் தாளை அப்படியே பயிற்றுநரிடம் கொடுங்கள். என் முதல் தாளில் முப்பது நிமிடத்தில் ஏழு நிமிடம்தான் அந்தப் பிள்ளை சறுக்கியிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை அறிவுரையும் தேவைப்படவில்லை.

முதல் மூன்று வார இறுதிகளுக்குப் புதியவரைத் தனியாக விடாதீர்கள், சேர்லிஃப்டுக்கு நிச்சயமாக விடாதீர்கள். ஆள் பற்றாக்குறை என்பது எல்லாப் பருவத்திலும் இருக்கும்.

அடுத்து எங்கே?

இரண்டு பருவம் கற்றுக்கொடுத்தபின் இரண்டாம் நிலைக்குப் போகலாம். ஓட்டமும் கற்பித்தலும் அங்கே பல மடங்கு கடினம், ஊதியமும் ஏறும். அல்லது பக்கவாட்டில் போகலாம். ஒன்ராறியோவில் 1972 முதல் இயங்கும் டிராக் 3 என்ற அமைப்பு, உடல் மற்றும் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் தொண்டர்கள் மூலம் சறுக்கக் கற்றுக்கொடுக்கிறது. ஒரு காலை இழந்தவர் ஒரு ஸ்கீயிலும் இரு கைத்துணைச் சறுக்கிகளிலும் இறங்கும்போது பனியில் மூன்று தடங்கள் பதியும். பெயர் அதிலிருந்து வந்தது. தொண்டர்களுக்கு அவர்களே பயிற்சி தருகிறார்கள். ஒரு பருவம் அங்கே நின்றுவிட்டு வந்தவர்களின் சாதாரண வகுப்புகள் மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்: பேச்சுக் குறைந்திருக்கும்.

வேலைக்குச் சேருமுன் ஊதியம் பற்றி ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வகுப்பு நடக்கும் மணிகளுக்கு மட்டுமா, வகுப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும் உண்டா? உறுப்பினர் கட்டணத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் சான்றிதழ் செயலில் இருக்காது. சொந்த பூட்ஸ் வாங்குவதாக இருந்தால் மார்ச் பள்ளி விடுமுறை முடியும்வரை பொறுங்கள்; கடைகளில் விலை இறங்கும். காலுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். அடுத்த பருவம் முழுவதும் மண்டியிட்டு எழுந்துகொண்டிருக்கப்போவது அதில்தான்.